ஒன்பது டாலர் வாடகையில் தொடங்கிய மருத்துவமனை: சகோதரி எலிசபெத் ஃபெட்டே



செவிலியர் பணியைப் பற்றிப் பேச அழைக்கப்படும் எவரும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் போய் நிற்பதே வழக்கம். இந்தச் சொற்பொழிவு அவரைவிட முப்பது ஆண்டு இளையவரான ஒரு நார்வேப் பெண்மணியைப் பற்றியது. பெயர் எலிசபெத் ஃபெட்டே. நார்வேயின் தென்கோடியில், ஃபிளெக்கெஃபியோர்டுக்கு அருகே ஃபெடா என்னும் கடலோரச் சிற்றூரில், 1850 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில் பிறந்தவர். லுத்தரன் திருச்சபையின் டீக்கனஸ், அதாவது திருத்தொண்டுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த சகோதரி, தேர்ந்த செவிலி. நியூயார்க் துறைமுகத்தை ஒட்டிய புரூக்ளினில் 1885-இல் ஒன்பது படுக்கைகளோடு அவர் தொடங்கிய மருத்துவமனை, பெயர் மாறி, இடம் மாறி, இன்றும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் இவர் பெயரைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே. ஆனால் அவருடைய சபை நமக்கு அந்நியமன்று. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவை அனுப்பிவைத்த நான்காம் ஃபிரெடெரிக், டென்மார்க்குக்கும் நார்வேக்கும் சேர்த்து அரசராக இருந்தவர். ஃபெட்டே வளர்ந்த சபையும் தரங்கம்பாடியில் வேரூன்றிய சபையும் ஒரே மரபில் வந்தவை.

தொண்டுக்குப் போன பெண் என்றால் குடும்பத்தை உதறிவிட்டுப் போனவர் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஃபெட்டேயின் வாழ்க்கை அந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அவரைக் கடல் கடக்க வைத்தது குடும்பத்திலிருந்து வந்த ஒரு கடிதம். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் பார்த்துக்கொண்டது, உற்றார் உறவினர் அருகில் இல்லாத மனிதர்களை. பணி வேரூன்றி நின்ற வேளையில் அவர் விடைபெற்று ஊர் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டார். இந்த மூன்றும் ஒரே மனத்திலிருந்து வந்தவை என்பதே நான் இன்று சொல்ல விரும்புவது.

டீக்கனஸ் முறை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்று ஒரு சிற்றூர். அங்கே தியோடோர் ஃபிளீட்னர் என்ற இளம் போதகர் வந்து சேர்ந்த சிறிது காலத்தில், 1822-இல், ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த வெல்வெட் ஆலை நொடித்துப்போனது. சபையைக் காப்பாற்ற அவர் ஹாலந்துக்கும் இங்கிலாந்துக்கும் போய் நிதி திரட்டினார். போன இடங்களில் சிறைகளையும் மருத்துவமனைகளையும் பார்த்துவிட்டு வந்தார். 1833-இல் சிறையிலிருந்து விடுதலையாகி, போக்கிடம் இல்லாமல் வந்த ஒரு பெண்ணுக்குத் தம் வீட்டுத் தோட்டத்துச் சிறு குடிலில் இடம் கொடுத்தார். அவரும் மனைவி ஃபிரீடெரிக்காவும் 1836-இல் செவிலியர் பயிற்சியோடு கூடிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். முதல் டீக்கனஸாகச் சேர்ந்த கெர்ட்ரூட் ரைக்கார்ட் ஒரு மருத்துவரின் மகள்.

கைசர்ஸ்வெர்த் கண்டுபிடித்தது ஒரு குடும்ப அமைப்பை என்றுதான் சொல்ல வேண்டும். பயிற்சி பெறும் பெண்கள் வாழும் வீட்டுக்குத் தாய் இல்லம் என்று பெயர். அதற்கு ஒரு தலைவி, அவர்தான் தாய். உடை, உணவு, கைச்செலவுக்குச் சிறு தொகை, நோய் வந்தாலும் முதுமை வந்தாலும் கடைசிவரை பராமரிப்பு, எல்லாம் இல்லத்தின் பொறுப்பு. சம்பளம் கிடையாது. மணமாகாத பெண்களும் விதவைகளும் மரியாதையோடு ஒரு தொழில் கற்று, தனியே வாழ வழியில்லாத காலம் அது. மகளைப் பொதுமருத்துவமனைக்கு வேலைக்கு அனுப்ப எந்தக் கௌரவமான வீடும் சம்மதித்திராது. தாய் இல்லம் என்றால் சம்மதித்தது. உறுதிமொழி ஆயுள் முழுவதற்குமானதாக இல்லை என்பதையும் இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். வயதான பெற்றோரைப் பார்க்கவோ, திருமணம் செய்துகொள்ளவோ விலகிப் போகலாம். நைட்டிங்கேல் 1851-இல் சில மாதங்கள் தங்கிப் பயின்ற இடம் இதுவே. 1864-இல் ஃபிளீட்னர் இறந்தபோது ஐரோப்பாவிலும் வெளியிலுமாக ஏறத்தாழ முப்பது தாய் இல்லங்கள் இருந்தன.

கைசர்ஸ்வெர்த்திலிருந்து இந்த விளக்கு நார்வேக்குப் போனது காதிங்கா குல்ட்பெர்க் கையில். கைசர்ஸ்வெர்த்தில் பயின்று திரும்பிய அவர், இன்று ஓஸ்லோ என்று அழைக்கப்படும் கிறிஸ்தியானியாவில் 1868-இல் டீக்கனஸ் இல்லம் தொடங்கினார். நார்வேயில் முறையான செவிலியர் பயிற்சிக்கு அதுதான் முதல் படி. எலிசபெத் 1873-இல் அங்கே சேர்ந்தார்.

பயிற்சிக்குப் பின் 1878-இல் அவரை அனுப்பியது திரோம்சோவுக்கு. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே உள்ள துறைமுக ஊர் அது. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை அங்கே சூரியன் தலைகாட்டாது. அங்கிருந்த மருத்துவமனையில் வசதிகள் குறைவு, வேலை அதிகம். நான்கு ஆண்டுகள் அங்கே உழைத்தார். பின்னால் புரூக்ளினில், யாரும் வழிகாட்ட இல்லாத நிலையில், ஏதுமில்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கும் துணிச்சல் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், திரோம்சோவைத்தான் காட்டத் தோன்றுகிறது.

1882 கிறிஸ்துமஸ். அன்று அவருக்கு 32 வயது நிறைந்தது. புரூக்ளினில் குடியேறியிருந்த அவருடைய மைத்துனர் கேப்ரியல் ஃபெட்டேயிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நியூயார்க்கிலும் புரூக்ளினிலும் நார்வே மாலுமிகளும் குடியேறிகளும் படும் பாட்டை எழுதி, அவர்களிடையே தொண்டாற்ற வர முடியுமா என்று அதில் கேட்டிருந்தார். இந்த அழைப்புக்குப் பின்னால் நின்றவர் அன்னா பொர்ஸ். நியூயார்க்கிலிருந்த சுவீடன்-நார்வேக் கான்சலின் மனைவி. அந்நாளில் இரு நாடுகளும் ஒரே முடியின் கீழ் இருந்தன.

எலிசபெத் அதிகம் யோசிக்கவில்லை. 1883 ஏப்ரலில் நியூயார்க்கில் வந்து இறங்கினார். புரூக்ளின் பாலம் அடுத்த மாதம், மே 24 அன்று திறக்கப்பட இருந்தது. புரூக்ளின் அன்று தனி நகரம். 1880 கணக்கெடுப்பின்படி ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். பாலத்தைப் பார்க்க உலகமே திரண்டது. அவர் பார்க்க வந்தவர்களோ அதே கரையில், கப்பல் துறைகளை ஒட்டிய சந்துகளில் கிடந்தார்கள்.

அவர்கள் யார் என்று சற்று நின்று பார்ப்போம்.

நார்வே அந்த நாளில் சிறிய நாடாக இருந்தாலும் அதன் வணிகக் கப்பல் படை உலகின் பெரிய படைகளில் ஒன்று. நார்வேக் கப்பலில் வாங்கும் கூலியைவிட அமெரிக்கக் கப்பலில் கூலி அதிகம். எனவே நியூயார்க்கில் நங்கூரம் இட்டதும் இறங்கி மறைந்துவிடும் இளைஞர்கள் ஏராளம். அவர்களைப் பிடிப்பதற்கென்றே துறைமுக விடுதிக்காரர்கள் காத்திருப்பார்கள். தங்க இடமும் குடிக்கச் சாராயமும் கடனாகக் கொடுத்து, கடனுக்கு ஈடாக அடுத்த கப்பலில் ஏற்றிவிட்டு, அவர்களுடைய முன்பணத்தை வாங்கிக்கொள்வார்கள். இடையில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் விடுதியில் அவனுக்கு இடமில்லை.

குடியேறிகளின் கதை வேறு. 1882 ஒரே ஆண்டில் 28 ஆயிரத்துக்கும் அதிகமான நார்வேக்காரர்கள் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். மொத்த மக்கள்தொகையே இருபது லட்சத்துக்குக் குறைவாக இருந்த நாட்டிலிருந்து. எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தது 1892-இல்தான்; அந்நாளில் வந்தவர்கள் இறங்கியது காசில் கார்டன் என்ற பழைய கோட்டையில். பெரும்பாலோர் ரயிலேறி மின்னசோட்டா, டகோட்டா நிலங்களுக்குப் போய்விடுவார்கள். கையில் காசு தீர்ந்தவரும் நோய் கண்டவரும் துறைமுகத்திலேயே தேங்கிப்போவார்கள். வீட்டு வேலைக்குப் போன இளம்பெண்களின் நிலை இன்னும் மோசம். தங்குவதும் உண்பதும் எசமானர் வீட்டில். உடம்புக்கு முடியாமல் போன அன்றே வேலையும் போய்விடும், கூரையும் போய்விடும். ஆங்கிலம் தெரியாது, தாய்மொழி பேசும் ஒரு முகம் பக்கத்தில் இராது. நோயைவிட இந்தத் தனிமைதான் பலரைக் கொன்றது என்பேன்.

எலிசபெத் வந்து பத்து நாளுக்குள், நியூயார்க், புரூக்ளின் நார்வேக்காரர்களில் நோயுற்றோருக்கும் ஏழைகளுக்கும் உதவும் சங்கம் ஒன்று உருவானது. நார்வே மாலுமிகள் தேவாலயத்தை அடுத்து மூன்று சிறிய அறைகள். மாத வாடகை 9 டாலர். அங்கிருந்துதான் வேலை தொடங்கியது.

வேலை என்றால் என்ன வேலை? 1883 முதல் 1888 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. நார்வே-அமெரிக்க வரலாற்றுச் சங்கம் அதை 1959-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அழகான வாக்கியங்களைத் தேடி அதைத் திறப்பவர் ஏமாந்துபோவார். எந்த வீட்டுக்குப் போனார், யார் படுக்கையில் கிடந்தார், யாரை எந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார், எந்தக் குழந்தைக்கு இடம் தேடினார், எவரிடம் பணம் கேட்டுப் போனார் என்று வேலையின் தடம் மட்டுமே அதில் இருக்கிறது. களைப்பும் மனச்சோர்வும் இடையிடையே எட்டிப்பார்க்கின்றன. எனக்கு அதில் பெருமதிப்பு உண்டு. ஒரு செவிலியின் நாள் எப்படிக் கழிந்தது என்பதைப் பின்னாளில் எழுதும் நினைவுக் குறிப்பைவிட அன்றன்று எழுதிய சுருக்க வரிகள் நம்பகமாகச் சொல்கின்றன.

அந்தக் காலத்துச் செவிலி ஒரு நோயாளியின் அருகில் என்ன செய்தார் என்று பார்த்தால்தான் இந்த வேலையின் கனம் புரியும். குடற்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். டைஃபாய்டுக்குப் பயன்பட்ட முதல் ஆன்டிபயாட்டிக் வர இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் இருந்தது. மூன்று நான்கு வாரம் எரியும் காய்ச்சலில், மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார். மிச்ச நேரமெல்லாம் செவிலியின் பொறுப்பு. குளிர்ந்த நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துத் துடைத்துச் சூட்டை இறக்க வேண்டும். மணிக்கணக்கு வைத்துப் பாலைச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். குடல் புண்ணாகியிருக்கும், கெட்டியான உணவு உயிருக்கே ஆபத்து. படுக்கைப் புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மலசலத்தில் கார்பாலிக் அமிலமோ சுண்ணாம்போ சேர்த்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும். விரிப்புகளைக் கொதிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுத்தவரும் விழுவார். பிதற்றல் வந்து எழுந்து ஓடப் பார்க்கும் ஆளை இரவில் விழித்திருந்து பிடித்து வைக்க வேண்டும். பிழைப்பதும் சாவதும் இந்தக் கவனத்தைப் பொறுத்திருந்தது. இதைச் செய்ய வீட்டில் ஒரு தாய், ஒரு மனைவி, ஒரு அக்காள் இல்லாதவருக்கு வேறு யார் செய்வது? எலிசபெத் அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்.

அமெரிக்காவில் வீடு தேடிப் போகும் செவிலியர் பணி என்றதும் லில்லியன் வால்டின் பெயரைச் சொல்வார்கள். நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் அவர் அதைத் தொடங்கியது 1893-இல். அவர் பணியின் அருமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆற்றின் மறுகரையில் எலிசபெத் அதற்குப் பத்தாண்டு முன்பே படியேறிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வீடுகளில் வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது என்று விரைவிலேயே தெரிந்தது. வீடே இல்லாதவரை எந்த வீட்டில் வைத்துப் பார்ப்பது? 1885-இல் டீக்கனஸ் இல்லமும் ஒன்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் திறக்கப்பட்டன. பெண்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கவும் தொடங்கினார். 1889-இல் முப்பது படுக்கைகளோடு பெரிய கட்டடம் எழுந்தது.

இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். நடந்தது ஒரு வரியில் அடங்குவதன்று. அமெரிக்காவுக்கு டீக்கனஸ்கள் வந்தது இதுதான் முதல்முறை என்றும் எண்ணிவிடக் கூடாது. 1849-இல் ஃபிளீட்னரே நான்கு சகோதரிகளை அழைத்துக்கொண்டு பிட்ஸ்பர்குக்கு வந்தார். வில்லியம் பாசவன்ட் என்ற லுத்தரன் போதகர் அங்கே ஒரு மருத்துவமனை நடத்திவந்தார். நல்ல தொடக்கம்தான். ஆனால் அமெரிக்கப் பெண்கள் போதிய அளவில் சேரவில்லை. அந்த முயற்சி பரவாமலே நின்றுவிட்டது. ஏன் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சகோதரிகளை முதலில் கொண்டுவந்துவிட்டு, மக்கள் வந்து சேர்வார்கள் என்று காத்திருந்தார்கள். புரூக்ளினில் நடந்தது தலைகீழ். நோயாளிகள் ஏற்கெனவே இருந்தார்கள், அவர்களுடைய மொழி பேசும் சபை இருந்தது, உதவிச் சங்கம் இருந்தது. அந்தத் தேவையிலிருந்து இல்லம் முளைத்தது. ஊழியம் முதலில், கட்டடம் பிறகு என்ற வரிசையை எலிசபெத் யாரிடமும் கற்றதாகத் தெரியவில்லை. வேலை அவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது.

புரூக்ளினோடு அது நிற்கவில்லை. நார்வேக் குடியேறிகள் அடர்த்தியாக வாழ்ந்த மின்னியாபொலிஸுக்கு 1888-இல் அழைக்கப்பட்டார். அங்கேயும் ஒரு டீக்கனஸ் இல்லமும் மருத்துவமனையும் உருவாக அடித்தளம் இட்டார். சிக்காகோ நார்வேக்காரர்களின் அதே போன்ற முயற்சிக்கும் துணைநின்றார். ஒரு சபைக்குள்ளேயே பல சங்கங்களாகப் பிரிந்து கிடந்த மக்களிடம் போய், கட்டடத்துக்குப் பணம் தாருங்கள், உங்கள் பெண்களைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்பது எளிய காரியமன்று. தொண்டு என்றாலே கனிவான முகத்தை மட்டும் நினைப்பவர்கள், கணக்கு எழுதி, கமிட்டிகளின் முன் வாதாடி, கதவு கதவாகத் தட்டிய இந்த எலிசபெத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1895-இல் அவர் அமெரிக்காவை விட்டுக் கிளம்பினார். திரோம்சோவையும் சேர்த்தால் பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட ஓயாத உழைப்பு அவரைக் களைப்படையச் செய்திருந்தது. அடுத்த ஆண்டு ஓலா ஸ்லெத்தபோ என்பவரை மணந்து, எகெர்சுந்துக்கு அருகே குடும்ப வாழ்வைத் தொடங்கினார். அப்போது வயது 45. டீக்கனஸ் பட்டம் அத்துடன் முடிந்தது. பிறந்த கரையிலேயே, புகழ் வெளிச்சம் படாமல், இன்னொரு கால் நூற்றாண்டு வாழ்ந்து, 1921 பிப்ரவரி 25 அன்று மறைந்தார்.

இந்தத் திருமணத்தைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கள் உண்டு. தொண்டின் கதை கல்யாணத்தில் முடிந்தால் அதன் ஒளி மங்கிவிடும் என்று அவர்களுக்கு அச்சம். நான் அதை ஏற்கவில்லை. டீக்கனஸ் விதியே அவருக்கு அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தது. தாய் இல்லம் என்பது ஒரு குடும்பம். துறைமுகத்துத் தனியர்களுக்கு அவர் கட்டியதும் ஒரு குடும்பம். ஸ்லெத்தபோவோடு அமைந்ததும் குடும்பம். அமைப்புகள் தம் காலில் நிற்கும்வரை இருந்து, பயிற்சி பெற்றவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தவரை, பாதியில் விட்டவர் என்று எப்படிச் சொல்வது? அவருடைய சபையும் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க லுத்தரன் சபைகளின் திருநாட்காட்டியில் பிப்ரவரி 25 எலிசபெத் ஃபெட்டேயின் நினைவு நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்லெத்தபோவின் மனைவியாக இறந்த பெண்ணை அவர்கள் டீக்கனஸ் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள்.

டீக்கனஸ் முறையின் குறையையும் மறைக்கக் கூடாது. சம்பளமில்லாத உழைப்பின் மேல் எழுந்த மருத்துவமனைகள் அவை. நிர்வாகக் குழுக்களில் போதகர்களும் வணிகர்களும் அமர்ந்திருந்தார்கள். இரவு விழித்தவர்கள் சகோதரிகள். இருபதாம் நூற்றாண்டில் செவிலியர் பணி, படிப்பும் பதிவும் ஊதியமும் உள்ள தொழிலாக மாறியபோது இளம்பெண்கள் அந்தப் பக்கம் போனதில் வியப்பில்லை, அது நியாயமும்கூட. அன்பு இருந்தால் கூலி வேண்டாம் என்று செவிலியரிடம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. எலிசபெத்தின் வாழ்க்கையை அந்த வாதத்துக்குச் சான்றாக யாரேனும் எடுத்தால், அது அவருக்குச் செய்யும் அநீதி.

மருத்துவமனையின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நார்வே டீக்கனஸ் மருத்துவமனை பின்னர் லுத்தரன் மெடிக்கல் சென்டர் ஆனது. 1960-களில் அது இருந்த பகுதியில் துறைமுக வேலை குறைந்து, நார்வேக்காரர்கள் புறநகர்களுக்குப் போய், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். மருத்துவமனையும் கூடவே போய்விடவில்லை. 1967-இல் அரசு நிதியுதவியோடு ஏழைகளுக்கான சுகாதார நிலையம் ஒன்றை அதே பகுதியில் தொடங்கியது. அமெரிக்காவில் அவ்வகையில் முதன்மையானவற்றுள் ஒன்று. 1977-இல் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தைச் செப்பனிட்டு அதற்குள் குடிபுகுந்தது. 2015-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ அமைப்போடு இணைந்தது. இன்று அங்கே வருபவர்களில் ஸ்பானிய மொழி பேசுவோரும் சீனர்களும் அரபு மொழி பேசுவோரும் மிகுதி. மொழி தெரியாத ஊரில் நோயோடு நிற்பவர்களுக்கான இடமாகவே அது இன்னும் இருக்கிறது.

இவ்வளவையும் நாம் அறிய முடிகிறதென்றால், ஐந்தாண்டுக் காலம் அவர் எழுதிய நாட்குறிப்பை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததும், வேறு யாரோ பொறுமையாக அதை மொழிபெயர்த்து அச்சிட்டதும்தான் காரணம். நம் மாவட்டங்களிலும் பழைய மிஷன் மருத்துவமனைகள் உண்டு. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் சுவீடன் மிஷன் மருத்துவமனை நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. அங்கெல்லாம் பணியாற்றிய வெளிநாட்டுச் சகோதரிகளின் பெயராவது கல்வெட்டில் இருக்கும். அவர்களோடு தோளுக்குத் தோள் நின்று, இரவுப் பணி பார்த்து, பிள்ளைகளையும் வளர்த்த தமிழ்ச் செவிலியர்களைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்? பிரசவப் பதிவேடுகள், பயிற்சிப் பள்ளியின் குழுப் படங்கள், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் எங்கோ அலமாரிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. இந்த அவையில் செவிலியர் கல்லூரி மாணவியரும் வரலாற்றுத் துறை மாணவர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓய்வுபெற்ற ஒரு செவிலி இருந்தால், இந்த மாதமே அவரிடம் போய் உட்கார்ந்து, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.